பால் சுரப்பும் கைப்பதமும்

பிள்ளை பெற்றவளின் மார்பையும் முதுகையும் நீவிவிட்டால் பால் நன்றாக ஊறும் என்பது தமிழ்க் குடும்பங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் நம்பிக்கை. அதில் உண்மை உண்டு, ஆனால் நம்பப்படும் வழியில் இல்லை. நீவுவதால் மார்பில் புதிதாகப் பால் உண்டாவதில்லை. ஏற்கெனவே உண்டாகி உள்ளே நிற்கும் பால் இறங்கவும் முழுமையாக வெளியேறவும் அது உதவுகிறது. பால் வெளியேறினால்தான் அடுத்த பால் சுரக்கும். ஆகவே நீவல் சுரப்பைக் கூட்டுவது சுற்றுவழியில். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் எப்போது நீவலாம், எவ்வளவு அழுத்தலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பவை தாமே விளங்கும்.

மலேசியாவின் பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், பேராக்கின் சிம்பாங் பூலாயிலிருந்து ஏறிவரும் சாலை கம்போங் ராஜாவை வந்து தொடுகிறது. அருகில் புளூவேலி தேயிலைத் தோட்டம், சுற்றிலும் காய்கறிப் பண்ணைகள். இதுபோன்ற மலேசியத் தோட்டப் பகுதிகளில் பிரசவித்த பெண்ணைப் பேணும் மரபுகள் ஒன்றுக்கு மேல் உண்டு. தமிழ் வீடுகளில் பச்சை உடம்புக்காரிக்கு நல்லெண்ணெயோ விளக்கெண்ணெயோ தேய்த்து, மஞ்சள் பூசி, வெந்நீர் ஊற்றுவார்கள். வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டுவார்கள். பூண்டும் முருங்கைக்கீரையும் பால் சுறாவும் பத்தியச் சமையலில் சேரும். மலாய்க் குடும்பங்களில் 'பந்தாங்' எனப்படும் பத்திய நாட்களில் பீடான் எனப்படும் மருத்துவச்சி உடலை நீவிவிட்டு, சூடேற்றிய கல்லைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுத்து, நீண்ட துணியால் வயிற்றைச் சுற்றிக் கட்டுவார். அரசும் இம்மரபை ஒதுக்கவில்லை. 2007இல் பினாங்கு மாநிலத்தின் கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் பாரம்பரிய மருத்துவப் பிரிவு தொடங்கப்பட்டது. பின்னர் வேறு சில அரசு மருத்துவமனைகளிலும் அத்தகைய பிரிவுகள் வந்தன. பிரசவத்துக்குப் பிந்திய மசாஜ் அவற்றின் சேவைகளில் ஒன்று. இவற்றுக்கு அப்பால், தோட்டத்தில் 'மிஸ்ஸி' என்று அழைக்கப்படும் அரசுத் தாதி முதல் வாரங்களில் வீடு தேடி வந்து தாயையும் பிள்ளையையும் பார்க்கிறார். இவர்கள் எல்லோரும் அக்கறை கொள்ளும் இடம் ஒன்று உண்டு, தாயின் மார்பு. அந்த இடத்தின் உள்ளமைப்பை முதலில் பார்க்கலாம்.

மார்புக்குள் நடப்பது

பால் உண்டாவது மார்பிலுள்ள நுண்ணறைகளில். அறையின் உட்சுவரில் வரிசையாக அமைந்த செல்கள் தாயின் இரத்தத்திலிருந்து நீரையும் சத்துகளையும் எடுத்துப் பாலாக்குகின்றன. ஒவ்வோர் அறையைச் சுற்றிலும் சுருங்கக்கூடிய தசைச் செல்கள் பின்னிக் கிடக்கின்றன. அறைகளிலிருந்து புறப்படும் மெல்லிய குழாய்கள் ஒன்றோடொன்று சேர்ந்து முலைக்காம்பில் வந்து திறக்கின்றன.

இக்குழாய்களை முதன்முதலில் விரிவாக வரைந்தவர் லண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர். இறந்த பெண்களின் மார்புக் குழாய்களில் நிறமேற்றிய மெழுகைச் செலுத்தி அவர் 1840இல் வெளியிட்ட படங்களே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் பாடநூல்களை ஆண்டன. 2005இல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாலூட்டும் பெண்களின் மார்பை அல்ட்ராசவுண்டு கருவியால் பார்த்தபோது படம் மாறியது. காம்பில் திறக்கும் முக்கியக் குழாய்கள் சராசரியாக 9 மட்டுமே. காம்புக்குப் பின்னால் பால் தேங்கும் பைகள் இருப்பதாகப் பாடநூல்கள் சொல்லிவந்தன. அப்படி எதுவும் தென்படவில்லை. குழாய்கள் தோலுக்கு மிக அருகில் ஓடுகின்றன, சிறிது அழுத்தினாலே அமுங்கிவிடுகின்றன. நீவும் கைக்கு இந்தச் செய்தி முக்கியம். பலமாக அமுக்கும் கை குழாயைத் திறப்பதில்லை, மூடுகிறது.

கர்ப்ப காலத்திலேயே நுண்ணறைகள் தயாராகிவிடும். ஆனால் நஞ்சுக்கொடி சுரக்கும் புரொஜெஸ்டிரான் பால் பெருகாமல் தடுத்து வைத்திருக்கும். நஞ்சு விழுந்ததும் அந்தத் தடை நீங்குகிறது, மூளையடிச் சுரப்பி தரும் புரொலாக்டின் வேலையைத் தொடங்குகிறது. முதல் நாளில் கிடைக்கும் சீம்பால் ஏறத்தாழ 30 மில்லிலிட்டர்தான். பிறந்த குழந்தையின் சிறு வயிற்றுக்கு அது போதும். 30 முதல் 72 மணி நேரத்துக்குள் பால் பெருகத் தொடங்குகிறது. 'மூன்றாம் நாள் பால் இறங்கும்' என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். ஐந்தாம் நாளளவில் அது ஏறக்குறைய 500 மில்லிலிட்டராகி, பின்னர் நாளொன்றுக்கு 750 முதல் 800 மில்லிலிட்டர் என்ற அளவில் நிலைபெறுகிறது. தாய்க்குத் தாய் இந்த அளவு பெரிதும் வேறுபடும்.

முதல் சில நாட்களின் பெருக்கம் ஹார்மோன்களால் நடப்பது. அதன்பின் அளவைத் தீர்மானிப்பது எவ்வளவு பால் வெளியேறுகிறது என்பதே. அறைகள் நிரம்பி நின்றால் சுரப்பு மெதுவாகும், காலியானால் வேகமெடுக்கும். பாலிலேயே சுரப்பைத் தணிக்கும் ஒரு பொருள் இருக்கிறது என்ற கருத்தை ஸ்காட்லாந்தின் ஹன்னா ஆய்வு நிலைய அறிவியலாளர்கள் முன்வைத்தனர். இரு மார்பிலும் ஹார்மோன் ஒரே அளவில் இருந்தும், பிள்ளை அதிகம் குடிக்கும் பக்கத்தில் பால் மிகுந்தும் மறுபக்கத்தில் குறைந்தும் இருப்பதற்கு இந்த உள்ளூர்க் கட்டுப்பாடே காரணம். தேயிலைக் காட்டில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதல்ல. கொழுந்து பறிக்கப் பறிக்கச் செடி துளிர்க்கும், பறிக்காமல் விட்ட நிரை முற்றிப்போகும்.

இறங்கும் பால், இறங்காத பால்

அறைக்குள் பால் இருப்பது வேறு, அது காம்புக்கு வருவது வேறு. பிள்ளை சப்பும்போது காம்பின் நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மூளையடிச் சுரப்பி ஆக்ஸிடாசினை வெளியிடுகிறது. அது இரத்தத்தின் வழியே வந்து அறைகளைச் சுற்றியுள்ள தசைச் செல்களைச் சுருக்க, பால் குழாய்களுக்குள் தள்ளப்படுகிறது. பிள்ளையின் அழுகையைக் கேட்டதும் மார்பு நனைவதும் இதே வழியில்தான்.

இந்த அனிச்சைச் செயல் எளிதில் தடைபடக்கூடியது. அமெரிக்க ஆய்வாளர்களான நைல்ஸ் நியூட்டன், மைக்கேல் நியூட்டன் தம்பதி 1948இல் வெளியிட்ட சோதனை அதைக் காட்டியது. தாய் அமைதியாக இருந்தபோது பிள்ளை குடித்த பால் 168 கிராம். கால்களைப் பனிக்கட்டி நீரில் வைத்தும், கால் விரல்களை இழுத்து வலியுண்டாக்கியும், கணக்குப் போடச் சொல்லியும் தொந்தரவு செய்தபோது அது 99 கிராமாகக் குறைந்தது. அதே தொந்தரவுக்கு நடுவே ஆக்ஸிடாசின் ஊசி போட்டபோது 153 கிராமுக்கு ஏறியது. மார்பில் பால் குறையவில்லை, அது இறங்கவில்லை என்பதே இதன் பொருள்.

தொடுகை இந்தச் செயலை எதிர்த்திசையில் தூண்டும். பிறந்த சில நிமிடங்களில் தாயின் மார்பில் விடப்பட்ட குழந்தைகளைச் சுவீடன் ஆய்வாளர்கள் கவனித்தனர். குழந்தை சப்பத் தொடங்குமுன் தன் கையால் மார்பைத் தடவிப் பிசைந்தபோது தாயின் ஆக்ஸிடாசின் அளவு உயர்ந்தது. 2001இல் வெளியான அந்த ஆய்வை வைத்துப் பார்த்தால், மார்புக்குக் கிடைக்கும் முதல் நீவல் பிள்ளையின் கையால் கிடைப்பதுதான். முதுகை நீவுவதும், வெதுவெதுப்பான ஒத்தடமும், பிள்ளையைத் தோலோடு தோலாக அணைத்திருப்பதும் உடலைத் தளரவிட்டுப் பால் இறங்கத் துணைசெய்கின்றன.

இரவில் 15, 16 பாகை வரை குளிரும் கேமரன் மலையில் வெதுவெதுப்புக்குத் தனி மதிப்பு உண்டு. குளிரில் சில பெண்களுக்குக் காம்பின் இரத்தக்குழாய்கள் சுருங்கி, காம்பு வெளுத்து வலிக்கும். வலி, பால் இறங்குவதைத் தடுக்கும். தாய் தோளையும் மார்பையும் போர்த்திக்கொண்டு பாலூட்டுவதே இதற்கு முதல் பரிகாரம். கவலையும் அப்படித்தான்: 'பால் பத்தலையே, பிள்ளை பசியில அழுவுதே' என்று சுற்றியிருப்போர் ஓயாமல் சொல்லும் வீட்டில் எந்த நீவலும் பாதிப் பலனே தரும்.

நீவலின் பலன்: ஆய்வுகள் காட்டியவை

2001இல் இங்கிலாந்தில் குறைமாதக் குழந்தைகளின் தாய்மார் 36 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. அவர்கள் பம்பால் பால் எடுப்பவர்கள். ஒரு மார்புக்குப் பின் மற்றொன்றாகப் பம்பு செய்தபோது ஒரு தடவைக்குச் சராசரியாக 51 கிராம் பால் வந்தது. மார்பை நீவிவிட்டுச் செய்தபோது 79 கிராம். இரு மார்பிலும் ஒரே நேரத்தில் பம்பு செய்தால் 88 கிராம், அதோடு நீவலும் சேர்ந்தால் 125 கிராம்.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேன் மார்ட்டன் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வும் மிகக் குறைமாதத்தில் பெற்ற தாய்மாரைப் பற்றியது. முதல் மூன்று நாட்களில் நாளொன்றுக்கு ஐந்து தடவைக்கு மேல் கையால் பால் பீய்ச்சி, பின்னர் பம்பு செய்யும்போது கையால் அழுத்தி உதவியவர்களுக்கே பால் மிகுதியாகக் கிடைத்தது. பால் எடுக்கும் முறைகளை ஒப்பிட்ட காக்ரன் தொகுப்பாய்வு 2016இல் புதுப்பிக்கப்பட்டபோது, நீவுதல், வெதுவெதுப்பு, மன அமைதி, சீக்கிரமே தொடங்குதல் ஆகிய செலவில்லாத வழிகள் பாலின் அளவைக் கூட்டக்கூடும் என்று பதிவு செய்தது. 2019இல் வெளியான மற்றொரு தொகுப்பாய்வு, பாலூட்டும்போது ஏற்படும் மார்பு வலியை நீவல் குறைக்கிறது என்று கண்டது. நீவும் முறைகள் ஆய்வுக்கு ஆய்வு மாறுபட்டதால், இதுதான் சிறந்த முறை என்று எதையும் அது சுட்டவில்லை.

ஆசியாவிலும் இத்துறையில் வேலை நடந்திருக்கிறது. ஜப்பானிய மருத்துவச்சி சோதோமி ஒகெதானி வகுத்த மார்பு நீவல் முறை ஜப்பானிலும் கொரியாவிலும் பரவியது. இந்தோனேசியாவில் முதுகெலும்பின் இருபுறமும் நீவும் 'பிஜாட் ஒக்ஸிதோசின்' முறையைப் பற்றி ஏராளமான சிறு ஆய்வுகள் வந்துள்ளன. பெரும்பாலானவை நல்ல பலனையே சொல்கின்றன. ஆனால் பங்குபெற்றோர் சிலரே என்பதால் அவற்றை அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சோதனைகளில் பொதுவான அம்சம் ஒன்று உண்டு. பால் கூடியது வெறும் நீவலால் அன்று, நீவியபின் அல்லது நீவும்போதே பால் வெளியே எடுக்கப்பட்டதால். எண்ணெய் தேய்த்து அரைமணி நேரம் நீவிவிட்டு, பிள்ளையைத் தொட்டிலிலேயே விட்டுவைத்தால் சுரப்பில் மாற்றம் இராது.

செய்முறை

முதலில் முதுகு. தாய் மேசையின் முன் அமர்ந்து, கைகளை மடக்கி மேசைமேல் வைத்து அவற்றின்மேல் தலை சாய்க்கிறாள். துணையிருப்பவர் பின்னால் நின்று, முதுகெலும்பின் இருபக்கமும் கட்டைவிரல்களால் சிறு வட்டங்களாக அழுத்தியபடி கழுத்திலிருந்து தோள்பட்டை எலும்புவரை இறங்குகிறார். இரண்டு மூன்று நிமிடம் போதும். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1993இல் வெளியிட்ட பாலூட்டல் ஆலோசனைப் பயிற்சியில் இந்த முறை இருக்கிறது. கணவனோ மாமியாரோ எளிதில் கற்றுக்கொண்டு செய்யலாம்.

அடுத்தது மார்பு. கைகளைச் சோப்பால் கழுவ வேண்டும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை இரண்டு மூன்று நிமிடம் மார்பில் வைக்கலாம். சூட்டை முதலில் முன்கையில் வைத்துப் பார்ப்பது அவசியம். பிறகு விரல் நுனிகளால் மார்பின் வெளிவிளிம்பில் சிறு வட்டங்களாக நீவிச் சுற்றி வந்து, கடைசியில் விளிம்பிலிருந்து காம்பை நோக்கி இறகால் தடவும் அளவுக்கு மென்மையாகத் தடவ வேண்டும். எண்ணெய் தேவையென்றால் இரண்டு சொட்டு தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ போதும். காம்பிலும் அதைச் சுற்றிய கருவட்டத்திலும் எண்ணெய் படக்கூடாது. அங்குள்ள சிறு சுரப்பிகளின் வாசனை பிள்ளைக்கு வழிகாட்டுவது ஒரு காரணம், வாய் வழுக்குவது மற்றொன்று.

மூன்றாவது பால் பீய்ச்சுதல். கட்டைவிரலைக் காம்புக்கு மேலும் மற்ற விரல்களைக் கீழுமாக, காம்பிலிருந்து ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். விரல்களை மார்புக்கூட்டை நோக்கிப் பின்னால் அழுத்தி, பிறகு ஒன்றையொன்று நோக்கிச் சேர்த்து அமுக்கி, விட வேண்டும். இதைத் தாளகதியில் திரும்பத் திரும்பச் செய்து, விரல்கள் இருக்கும் இடத்தைச் சுற்றி மாற்ற வேண்டும். தோலின்மேல் விரல் இழுபடக்கூடாது, காம்பைப் பிடித்து இழுக்கவும் கூடாது. முதல் நாட்களில் சில சொட்டுச் சீம்பாலே வரும். அதைச் சுத்தமான கரண்டியில் ஏந்திப் பிள்ளைக்குக் கொடுக்கலாம்.

நான்காவது, பாலூட்டும்போதே அழுத்துதல். பிள்ளை சப்புவது தளர்ந்து விழுங்கும் சத்தம் நின்றதும், தாய் மார்பை ஒரு கைக்குள் பிடித்து வலிக்காத அளவில் அழுத்திப் பிடிக்கிறாள். பால் வருவதால் பிள்ளை மறுபடி விழுங்கத் தொடங்கும். நின்றதும் கையைத் தளர்த்திவிட்டுத் திரும்பச் செய்யலாம்.

எல்லாவற்றிலும் அளவுகோல் ஒன்றே: வலிக்கக்கூடாது. நீவியபின் தோல் சிவந்தாலோ கன்றினாலோ அழுத்தம் மிகை.

பால் கட்டும்போது

மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள்வரை பல பெண்களுக்கு மார்பு கல்லாகிக் கனக்கும். பாலோடு இரத்தமும் நிணநீரும் சேர்ந்து திசு வீங்கும் நிலை இது. 'பால் கட்டிப்போச்சு, கட்டியைக் கரைக்க வேண்டும்' என்று பலங்கொண்டு பிசைவது வீடுகளில் இன்றும் நடக்கிறது. கேடு விளைவது இங்கேதான். பாலூட்டல் மருத்துவக் கழகம் 2022இல் வெளியிட்ட மார்பு அழற்சி வழிகாட்டுதல், ஆழ்ந்த மசாஜைத் தவிர்க்கச் சொல்கிறது. அது நுண்ணிய இரத்தக்குழாய்களைக் காயப்படுத்தி வீக்கத்தையும் அழற்சியையும் பெருக்குகிறது.

வீங்கிய மார்பை நீவும் திசையே வேறு. காம்பை நோக்கி அன்று, அக்குளையும் காறை எலும்பையும் நோக்கி, தோலை மட்டும் அசைக்கும் அளவில் தடவ வேண்டும். நிணநீர் வடியும் பாதை அது. கருவட்டம் விறைத்துப் பிள்ளையால் கவ்வ முடியாவிட்டால், காம்பைச் சுற்றி விரல் நுனிகளை வைத்து ஒரு நிமிடம் உள்நோக்கி மெல்ல அழுத்திப் பிடிக்கலாம். வீக்கம் பின்வாங்கி அந்த இடம் மிருதுவாகும். அமெரிக்கத் தாதி ஜீன் காட்டர்மேன் பரப்பிய முறை இது.

பாலூட்டியபின் வேண்டியது குளிர்ந்த ஒத்தடம். கம்போங் ராஜா வட்டாரத்தில் விளையும் முட்டைக்கோஸ் இதற்குக் கைகொடுக்கும். சிங்கப்பூரில் 227 தாய்மாரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், குளிரவைத்த கோஸ் இலை வலியையும் கடினத்தையும் குளிர் ஜெல் பொட்டலத்தைவிட நன்றாகக் குறைத்தது. பூச்சிமருந்து போக இலையை நன்கு கழுவி, காம்பு வெளியே தெரியும்படி வைக்க வேண்டும். சூடான கல்லையோ கொதிக்கும் வெந்நீரையோ வீங்கிய மார்பில் படவிடக் கூடாது.

பால் வற்றச் செய்யும் மரபும் உண்டு. மார்பில் மல்லிகைப் பூவைக் கட்டும் தென்னிந்திய வழக்கத்தை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1988இல் வெளியான ஆய்வில் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டனர். புரொலாக்டின் இரண்டிலும் குறைந்தது, மாத்திரையில் அதிகமாகக் குறைந்தது. ஆகவே பாலூட்ட விரும்பும் தாய் வீக்கத்துக்கு மல்லிகை கட்டிக்கொள்வது நல்லதல்ல.

பிறந்த குழந்தையின் மார்பைக் குளிப்பாட்டும்போது பிதுக்குவதும் நிறுத்தப்பட வேண்டிய வழக்கம். தாயின் ஹார்மோன்களால் ஆணோ பெண்ணோ எந்தக் குழந்தைக்கும் அங்கே சிறிது வீக்கம் இருக்கலாம். அது தானே வடியும். பிதுக்கினால் சீழ் பிடிக்கக்கூடும்.

நீவலால் தீராதவை

பிரசவத்தில் மிகுந்த இரத்தப்போக்கு, கருப்பையில் தங்கிய நஞ்சுத் துண்டு, தைராய்டு குறைபாடு, முன்பு நடந்த மார்பு அறுவை, நுண்ணறைகள் போதிய அளவு வளராமை ஆகியவற்றால் பால் குறைந்தால் மருத்துவரே பார்க்க வேண்டும். பிள்ளை சரியாகக் கவ்வாமல் இருப்பதே வீடுகளில் அதிகம் காணப்படும் காரணம். அதைத் தாதியால் சில நிமிடங்களில் திருத்திவிட முடியும்.

பால் போதுமா என்பதை மார்பின் கனத்தை வைத்துச் சொல்ல முடியாது. பிள்ளை நாளுக்கு 8 முதல் 12 தடவை குடிக்கிறதா, ஐந்தாம் நாளுக்குப்பின் நாளுக்கு ஆறு தடவையாவது சிறுநீர் கழிக்கிறதா, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையை எட்டுகிறதா என்பவையே சான்று. காய்ச்சல், பரவும் சிவப்பு, 24 மணி நேரத்தில் குறையாத வலி, கரையாத கட்டி ஆகிய எதைக் கண்டாலும் நீவுவதை நிறுத்திவிட்டு மருத்துவ நிலையத்துக்குச் செல்ல வேண்டும். கம்போங் ராஜாவாசிகளுக்கு மலைக்குள் தானா ராத்தாவில் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனையும், மலையிறங்கினால் ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையும் உள்ளன.

வேலைக்குத் திரும்பியபின்

தோட்டங்களில் தாய்ப்பால் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் உடல் காரணமாக இருந்ததில்லை. பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுக் காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) ஓடிய பெண்களுக்குப் பகலில் பால் எடுக்க நேரமும் இடமும் இருந்ததில்லை. அந்த இடைவெளியில் டின் பால் நுழைந்தது. மலாயாவில் பணியாற்றிய குழந்தை மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், சர்க்கரை சேர்த்த கெட்டிப்பாலைக் குழந்தைகளுக்கு விற்பது கொலைக்கு ஒப்பானது என்று 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேசினார்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. மலேசிய வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தத்தின்படி 2023 ஜனவரி முதல் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. விடுப்பு முடிந்தபின் கையால் பால் பீய்ச்சத் தெரிந்த பெண்ணுக்குப் பம்பும் மின்சாரமும் தேவையில்லை. சுத்தமான மூடியுள்ள பாத்திரம் போதும். எடுத்த பால் அறை வெப்பத்தில் 4 மணி நேரமும் குளிர்சாதனப் பெட்டியில் 4 நாளும் கெடாது. பிள்ளையைப் பிரிந்திருக்கும் நேரத்தில் மூன்று மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் நீவி, பத்துப் பதினைந்து நிமிடம் பீய்ச்சினால் சுரப்பு குறையாமல் நிற்கும்.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதை எட்டுவதற்குப் பிள்ளையை அடிக்கடி மார்பில் விடுவதே முதல் வழி. மென்மையான கையால் நீவுவது அதற்குத் துணை மட்டுமே, அதற்கு மாற்று ஆகாது.